பார்க்டேல் எருக்கலை

இன்று வேலியோரம் தெரியாமல் ஒரு எருக்கலைத் தண்டை முறித்துவிட்டு, கண்ணைத் தொட்டுவிடுவேனோ என்று பயந்தபடி நின்றேன். கசிந்த பாலின் பச்சை வாசம், இந்தக் குளிர்நாட்டின் பார்க்டேல் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் அப்போது இருந்த, இப்போது கார்கள் நிற்குமிடமாகிவிட்ட, செடி மண்டிய பற்றைக்காணிக்கு என்னை இழுத்துப்போனது. எங்களுக்கெல்லாம் முன்பே வந்து குடியேறிய கமலா அன்ரி அங்கே வெயிலில் குந்தியிருந்து, இந்த ஊர் எருக்கலையையும் அதைத் தின்று வண்ணாத்திப்பூச்சியாகும் புழுக்களையும் பற்றித் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவார். பின்னாளில் படிப்பைப் பாதியில் விட்ட நான் ஆசையாக வாசித்தது அவற்றை மட்டும்தான்.

“உந்தப் பால் கண்ணிலை பட்டால் பிள்ளைக்குப் பார்வை போயிடும்,” என்று ஒருநாள் என்னைக் காட்டி அன்ரியிடம் சொன்னார் அம்மா.

“அப்ப வண்ணாத்திப்பூச்சி எங்கை முட்டையிடும், உங்கடை குசினியிலையோ?” என்று அன்ரி சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கட்டடப் பொறுப்பாளரிடம் சொல்லி அத்தனை செடியையும் வெட்டுவித்தார்.

அதன்பிறகும் அன்ரி எழுதினார், வெறும் காணியில் கொட்டும் பனியைப் பற்றி மட்டும்.