படிப்பு ஏறவில்லை என்று சொல்லிப் போனவள்

நான் மெட்ராஸ் பெண் என்று அன்று ஏன் சொன்னேன்? ஐந்து வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்றால், யாரிடம் பயம்? கூச்சம் என்றால், விடுதித் தலைவி தேர்தலில் நின்று ஜெயித்தவளுக்கு என்ன கூச்சம்? எந்தப் பதிலும் பொருந்தவில்லை.

நம் விடுதிச் சகோதரிகள் சங்கத்தின் புதிய செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தலைமைப் பொறுப்பு பற்றியும், விடுதியில் ஒரு பெண் எப்படி வளர்கிறாள் என்பது பற்றியும் ஆண்டு மலருக்கு நாலு பாடம் எழுத வேண்டுமாம். ஒரு வாரமாகப் பகலில் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து உட்கார்கிறேன். "தலைவி என்பவள் நேரம் தவறாதவள்" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். நான் நேரம் தவறியதே இல்லை. யுத்த காலத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியது முதல் ரேஷன் அரிசியில் கல் பொறுக்க முறை வைத்தது வரை என் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தன. வார்டன் அம்மாள் என்னைப் பாராட்டி எழுதிக் கொடுத்த கடிதம்கூடப் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கத்தான் முடிவதில்லை.

வரவேற்பு மாலை வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சின்மேல் ஏறி, தன் வீட்டில் செய்யும் ஒரு வேலையை வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். தலைவி கை தட்டினால் அவளை இறக்கிவிட வேண்டும். நான் தலைவியாக இருந்த ஆண்டில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நெசவுக் குடும்பம். கல்லூரியில் முதல் வருஷம், ஜூனியர் இண்டர். வந்த அன்றே என் அறைக்கு வந்து, "அக்கா, உங்க அப்பாகிட்டதாங்க எங்க நைனா எழுதப் படிக்கக் கத்துகினாரு" என்று சிரித்தாள். என் தகப்பனார் திருத்தணியில் பள்ளி ஆசிரியர். என் தாயார் அம்மையார்குப்பத்துத் தறி வீட்டில் பிறந்தவர். கோடை விடுமுறை முழுவதும் நான் அந்த வீட்டில்தான் இருப்பேன். இதை விடுதியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவள் பெஞ்சில் ஏறி, தரையில் உட்காருவதுபோல் மடங்கி உட்கார்ந்து, வலக்கையால் ராட்டையைச் சுற்றி இடக்கையால் நூலைப் பிடித்துவிட்டாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் நூல் ஏற்றுகிற வேலை. எங்கள் பக்கத்தில் தார் சுற்றுவது என்போம். அவள் விரல்கள் அவ்வளவு சரியாக இருந்தன. அந்த இடக்கை விரலில் நூல் அறுக்கும் எரிச்சல்கூட எனக்குத் தெரியும்.

ஒருத்திக்கும் விளங்கவில்லை.

"மாவு அரைக்கிறாடி!"

"இல்லடி, கிராமபோனுக்குச் சாவி குடுக்கிறா!"

"பாட்டு வரலியே, இன்னும் வேகமாச் சுத்துடி!"

கூடம் முழுவதும் சிரித்தது. அவளும் முதலில் சிரித்தாள். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று சுற்றவைத்தார்கள். கடைசியில் அவள் வாய்விட்டே சொன்னாள்: "தார் சுத்துறேங்க. அக்காவுக்குத் தெரியும். அவங்க ஊரும் எங்க பக்கந்தான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மெட்ராஸ் ஆச்சே. எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கை தட்ட வேண்டியவள் நான். எத்தனை நேரம் கழித்துத் தட்டினேன் என்று நினைவில்லை. அவள் இறங்கியபோது என்னைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால் யாராவது ஒருத்தி கையைச் சுற்றிக் காட்டுவாள். குழாயடியில், வகுப்புக்குப் போகும் வழியில், பிரார்த்தனையில்கூட. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவாங்க."

"முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான். நான் போய்ச் சொன்னா இன்னும் கேலி பண்ணுவாங்க. கண்டுக்காம இரு, தானா அடங்கிடும்."

"ஆங், சரிங்க அக்கா" என்று போய்விட்டாள்.

அவள் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். இப்போது நம்ப முடியவில்லை. நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது என்னைக் கேட்டிருப்பார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு முன்பே அவளுடைய தகப்பனார் அழைத்துப்போக வந்துவிட்டார். வாசல்வரை வழியனுப்பும்படி வார்டன் அம்மாள் என்னைத்தான் அனுப்பினார். அவள் தகப்பனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீதானாம்மா வாத்தியாரு பொண்ணு?"

"ஆமாங்க."

"நீ இருக்கிற தைரியத்துலதாம்மா இவளை வுட்டுட்டுப் போனேன். நல்லாத்தான் பாத்துகினியாம், இவளே சொன்னா. இன்னா பண்றது, படிப்பு ஏறலன்னு அழுவுறா."

அவள் குனிந்து படுக்கைச் சுருளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பரீட்சையில் சரித்திரத்தில் அவள்தான் முதல். அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்தியவளே நான். "போயிட்டு வர்றேங்க அக்கா" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அதன்பின் எனக்கும் கல்யாணமாகி, கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்துத் திருத்தணிக்கே வந்துவிட்டேன். போன தைக் கிருத்திகையன்று எங்கள் பெண்ணுக்கு மொட்டை அடிக்க மலைக்குப் போனோம். கத்தி படுமோ, வெயிலில் ஜுரம் வருமோ என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, "குடுங்க அக்கா, நான் புடிச்சிக்கிறேன்" என்று ஒரு கை குழந்தையை வாங்கியது. அவள்தான். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள். பொதட்டூர்பேட்டையிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கூட அவள் தங்கை வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் படிக்கிற பெண்.

"இவங்கதான்டி எங்க ஆஸ்டல் தலைவி" என்று அவள் என்னைக் காட்டினாள்.

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களாவது எங்க நைனாகிட்ட சொல்லுங்க. காலேஜ்னாலே வேணாங்கிறாரு. பெரியவளை அனுப்பிப் பாத்தது போதும், நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு அந்தப் படிப்பு ஏறாதுங்கிறாரு. இவளுக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னா எனக்குமா இருக்காது?"

"ஆங், எனக்கு ஏறலதான்" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். சொல் என்று பார்த்தாளா, சொல்லாதே என்று பார்த்தாளா? குழந்தை வீறிட்டது. நான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சமாதானம் செய்யத் தொடங்கினேன். திரும்பியபோது அவர்கள் படி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏற இரண்டு முறை புறப்பட்டேன். ஒருமுறை குழந்தைக்குச் சளி. மறுமுறை அதுகூட இல்லை, சும்மாவே திரும்பிவிட்டேன்.

புதிய தலைவிகளுக்கு நான் பாடம் எழுதவில்லை. உங்களிடம் கேட்கத்தான் எழுதுகிறேன். அந்தத் தகப்பனாரிடம் போய், உங்கள் மகளுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை, நாங்கள் துரத்தினோம், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாமா? சொன்னால், இத்தனை வருடம் அவள் மறைத்துவைத்ததை அவளைக் கேட்காமல் நான் உடைத்ததாகும். அப்படிப்பட்ட இடத்துக்கா இன்னொரு பெண்ணை அனுப்புவது என்று அவர் சின்னவளை இன்னும் இறுக்கிப் பிடிக்கவும் கூடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு இத்தோடு முடிந்தது. முதலில் பெரியவளிடம் போய்க் கேட்பதுதான் முறை என்று என் கணவர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் "வேணாம் அக்கா" என்றுவிட்டால், அதையே சாக்காக வைத்து மறுபடியும் பேசாமல் இருந்துவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மலர் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி ஆகியிருக்கும். கல்லூரியில் சேர்க்கை ஜூன் மாதம். அன்று அந்தக் கூடத்தில் என்னோடு சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும், என்ன சொல்லித் தொடங்க வேண்டும்? கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. செயலாளரிடம் என் விலாசம் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.