சிவப்புக் கோட்டுக் குழாய்

எங்கள் சித்தப்பா ஒரு காரைப் பட்டினி போட்டே கொல்லப் பார்க்கிறார் என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பு. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பவுண்டரி. தண்ணீர் பம்புகளுக்கான வார்ப்புகள் அங்கே தயாராகும். அப்பாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். சித்தப்பா உடம்பால் பவுண்டரியில் இருப்பார், மனசு பக்கத்து ஷெட்டில் நின்ற காரில் இருக்கும்.

இரண்டே கதவு வைத்த சின்னக் கார். உடம்பு தகரமில்லை, ஃபைபர். தட்டினால் பிளாஸ்டிக் வாளி மாதிரிச் சத்தம் வரும். காற்றடித்தால் பறந்துவிடும் என்று பயந்து யாரோ விற்க வந்ததைச் சித்தப்பா ஓடிப்போய் வாங்கிவந்தார். ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு எது குறையோ அது ரேஸ் ஓட்டுகிறவனுக்கு வரம் என்பார். அந்த வரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயப் பாதைக்குப் போய், கடைசியாகவோ கடைசிக்கு முந்தியோ வந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது வருடம் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“இந்த ஒருக்கா ஓட்டிக்கோ. மொத மூணுக்குள்ள வந்தீன்னா நான் வாயே தொறக்கல. இல்லீன்னா வண்டிய வித்துப்போட்டு ஒழுங்கா பவுண்டரியப் பாரு.”

“சரிங்ணா” என்றார் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் அண்ணன் எதிரில் தம்பி பேசக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து ஷெட்டில் கழற்றல் வைபவம் ஆரம்பமானது. எஞ்சினில் கைவைக்கப் போட்டி விதி இடம் தரவில்லை. மிச்சமிருந்தது எடை. பின் சீட், ரேடியோ, தரை விரிப்பு, கதவின் உள்பக்க அட்டை, ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாக இறங்கியது. ஜன்னல் கண்ணாடி போய் மெல்லிய அக்ரிலிக் தகடு வந்தது. பிரேக் பெடலில்கூட நான்கு ஓட்டை போட்டார். கழற்றிய சாமானெல்லாம் எங்கள் வீட்டுக்குள் குடிவந்தன. பின் சீட்டை ஹாலில் போட்டிருந்தோம். வந்த விருந்தாளிகளெல்லாம் ஒரு காரின் பின்புறத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை. பள்ளிக்கூடத்தில் எங்கள் சித்தப்பா கப்பு வாங்கப்போகிறார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டேன். அவர் தோற்றால் என் மானமும் சேர்ந்து போகும் நிலைமை.

கழற்றாமல் சேர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதற்கு உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்ட வேண்டும். அது விதி. ஆனால் குழாய் எவ்வளவு கனம் என்று அந்த நாளில் யாரும் துளைபோட்டுப் பார்க்கவில்லை. சித்தப்பா அதிலும் எடையை மிச்சம் பிடிக்கப் பார்த்தார். தண்ணீர்க் குழாயில் மூன்று ரகம் உண்டு. வெளியே பார்க்க மூன்றும் ஒரே பருமன். உள்ளே தகடுதான் வித்தியாசம். மஞ்சள் கோடு போட்டது மெல்லிசு, நீலம் நடுத்தரம், சிவப்பு நல்ல கனம். போர்வெல்லில் இறக்குவது சிவப்பைத்தான். பவுண்டரி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா மஞ்சள் கோட்டுக் குழாய் வாங்கிவைத்தார் என்பது மட்டும் தெரியும்.

சித்திக்கு உடுமலைப்பேட்டை. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவளுடைய அண்ணன் அங்கே போர்வெல் குழாய் வியாபாரம் செய்தார். சித்தி அதிகம் பேச மாட்டாள். ரேஸுக்குப் போகாதீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் குழாய்களைப் பார்த்த அன்று மட்டும், டீ டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, இது தாங்குங்களா?”

“அதெல்லாம் தாங்கும்” என்றார் சித்தப்பா, டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

சித்தி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் சண்டை போடுவதென்றால் அதைவிடச் சத்தமாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா டயர் வாங்க மெட்ராஸ் போனார். அன்று மத்தியானமே உடுமலையிலிருந்து ஒரு டெம்போவில் புதுக் குழாய்கள் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. சித்தி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தனியாகப் போய் ஆண்களிடம் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு துணை வேண்டியிருந்தது, அது நானாயிற்று.

“ஏனுங்ணா” என்று வெல்டரைக் கூப்பிட்டாள். “அந்த மஞ்சக் கோட்டுப் பைப்ப டெம்போல ஏத்தி உட்ருங்க. கூண்டு இதுல கட்டிருங்க.”

வெல்டருக்கு வியர்த்துவிட்டது. “சின்னவரு கேட்டாருன்னா நான் என்னங்க அம்மணி சொல்றது?”

“கேட்டா நான் சொல்லிக்கறனுங்க. கறுப்புப் பெயிண்ட் அடிச்சுப்போட்டா எல்லாம் ஒண்ணுதானுங்களே.”

திரும்பி வரும்போது என் தலையைத் தடவி, “சித்தப்பாகிட்டச் சொல்லிப்போடாத சாமி” என்றாள். ஏதோ அழகுக்காகத்தான் மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அழகுக்காக மாற்றியதன் மேல் ஏன் கறுப்பு அடிக்கிறார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு போதவில்லை.

சித்தப்பா வந்தார், கூண்டைச் சுற்றிவந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடை போட்டோம். பவுண்டரித் தராசு ஒன்று, மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து கேட்டுவாங்கிய தராசு மூன்று. நான்கு சக்கரத்தையும் நான்கு தராசில் ஏற்றி, வந்த எடையை நான் சிலேட்டில் கூட்டினேன். சித்தப்பா போட்டிருந்த கணக்கைவிடப் பதினைந்து கிலோ அதிகம். நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தராசுகளை இடம் மாற்றினோம். அப்போதும் பதினைந்து. வெல்டர் நைசாக டீக்கடைக்கு நழுவினார். சித்தி கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

“எங்கியோ பதினஞ்சு கிலோ ஒளிஞ்சுட்டிருக்குது” என்றார் சித்தப்பா. “தேடலாம்.”

அந்த ஒரு மாதத் தேடலை நினைத்தால் இன்றும் எனக்கு மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. காரின் தரையில் தார் அட்டை ஒட்டியிருந்தது. அதை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். பவுண்டரி வேலை முடிந்த சாயங்காலங்களில் சித்தப்பா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், நடுவில் நான். சித்திக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது; விடவில்லை. கனமான டிரைவர் சீட்டைத் தூக்கிவிட்டு, கித்தானைத் தன் தையல் மெஷினில் நான்கு மடிப்பாகத் தைத்து அலுமினியச் சட்டத்தில் கட்டிக்கொடுத்தாள். சித்தப்பாவுக்குச் சோற்றை நிறுத்தி, கம்பங்கூழும் கொள்ளு ரசமுமாக ஊற்றினாள். மனுஷன் மூன்று கிலோ இளைத்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தொண்டை வரைக்கும் வந்த ரகசியத்தை விழுங்கிக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள் கடைசியாக எடை போட்டபோது பன்னிரண்டு கிலோ கிடைத்திருந்தது. மூன்று கிலோ கிடைக்கவே இல்லை.

பந்தயத்துக்கு நாங்கள் எல்லோரும் வேனில் போனோம். சித்தி பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளிச்சோற்றுத் தூக்கின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சுற்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும், “நம்ம வண்டி போயிருச்சா கண்ணு?” என்று மட்டும் கேட்பாள். போயிருச்சு சித்தி என்பேன். ஆறாவது, ஐந்தாவது என்று முன்னேறி, கடைசிச் சுற்றுக்கு முன் சித்தப்பா மூன்றாவதாக வந்தார். அப்பா தன்னை மறந்து எழுந்து நின்று விசிலடித்தார். அப்பாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கடைசி நேர்ப்பாதையில் பின்னாலிருந்து வந்த சிவப்புக் கார் சித்தப்பாவுக்குச் சமமாக வந்து, கோட்டைத் தாண்டும்போது ஒரு கார் நீளத்துக்கும் குறைவாக முந்திவிட்டது.

நான்காவது.

நான் ஓவென்று அழுதேன். சித்தி, “வண்டி நின்னுருச்சா? எறங்கிட்டாரா?” என்று கேட்டாள். இறங்கிவிட்டார் என்றதும்தான் திரும்பிப் பார்த்தாள். அப்பா சித்தப்பாவின் தோளைத் தட்டி, “நல்லாத்தான்டா ஓட்டினே” என்றார். சொன்ன நிபந்தனையை அவராலும் திரும்ப வாங்க முடியவில்லை, தம்பியும் கேட்கவில்லை. பத்து நாளில் திருப்பூர்க்காரர் ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

அவர் வருவதற்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா தனியாக உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு, உடுமலை டெம்போ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சித்திதான் உங்களைத் தோற்கடித்துவிட்டாள் என்று தேம்பினேன்.

சித்தப்பா துணியைக் கீழே வைத்தார். ஒரு ஸ்பேனரை எடுத்துக் கூண்டுக் குழாயை இரண்டு தட்டுத் தட்டினார். கெட்டியான சின்னச் சத்தம்.

“தெனம் வார்ப்பத் தட்டிப் பாத்துத்தான கண்ணு எது நல்லது, எது சொத்தைன்னு பிரிக்கறேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? மெட்ராஸ்ல இருந்து வந்த அன்னிக்கே தெரியும்.”

எனக்கு அழுகை நின்றுபோயிற்று. “அப்பறம் எதுக்குச் சித்தப்பா ஒரு மாசம் தேடினோம்?”

“மத்த எடத்துல கொறைக்கலாம்னுதான்.”

“கூண்டை அறுத்துட்டு வேற கட்டியிருக்கலாமில்ல?”

“கட்டியிருக்கலாம்” என்றார். பிறகு குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, “உங்க சித்தி என்ர கிட்ட இது வேணும்னு ஒண்ணுகூடக் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேட்டா. நாந்தான் சரியா பதில் சொல்லல” என்றார். தனக்கு முன்பே தெரியும் என்பது சித்திக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

எனக்கு வந்தது ஆத்திரம். என் கப்புப் போயிற்று, கார் போகப்போகிறது, எல்லாம் இந்த இரண்டு பெரியவர்கள் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்த கூத்தால்தானே? யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இரண்டு பேருக்கும் புத்தி இல்லை என்று தீர்மானித்து, இரண்டு பேரோடும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

குழாயை மாற்றியவள் மாற்றியதற்கு ஈடாக விரல் வெடிக்கச் சுரண்டினாள். அவள் எதற்காகச் சுரண்டுகிறாள் என்று தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்து சேர்ந்து சுரண்டினார். அந்தச் சாயங்காலங்களில் இரண்டு பேரும் வாய் திறக்காமலே ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று, நடுவில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியவே இல்லை.