ஏழாவது ஆட்டத்துக்குத் துக்கம் விசாரித்தவர்

காலையில் பரமத்தி வேலூர் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து பிளேஆஃப், இரண்டு வாரமாக நடந்த தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். கடைசி நொடியில் நம்ம டீம் காலி. டிஃபென்ஸ் என்று ஒன்று இருந்தால்தானே?

போன வாரம் அமெரிக்க ஃபுட்பாலில் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் என் இன்னொரு டீம், அணி முழுக்க ஓட்டையை வைத்துக்கொண்டு, முதல் ரவுண்டில் பெரும்பாலும் கையால் ஆடும் அந்த ஆட்டத்தில் எப்போதாவது பந்தை உதைக்க மட்டும் வரும் ஓர் ஆளை எடுத்தது. இரண்டும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது.

பக்கத்து சீட்டில் வெற்றிலைக் கூடையோடு ஒரு அண்ணன்.

"ஏஞ்சாமி, ஊட்டுல கெட்ட சேதிங்களா?"

விளக்கப் பொறுமையில்லை. "ஆமாங்க."

"வயசானவங்களா?"

"இல்லைங்க. போன வருசம் நல்லாத்தான் இருந்தாங்க."

"திடீர்னுங்களா?"

"ரெண்டு வாரமா இழுத்துட்டு இருந்துச்சுங்க."

அவர் தன் ஸ்டாப் வந்ததும் என் தோளைத் தொட்டுவிட்டு, 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். எழவு வீட்டிலிருந்து அப்படித்தானே கிளம்புவோம்.

நியாயமாகச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு மறுபடி அழுகைதான் வந்தது.

ஃப்ரெண்ட்ஸ், இத்தனை பேர் மேட்சை லைவ்வில் பார்த்தீங்க. ஒருத்தராவது விசாரிச்சீங்களா?