பவெட் எல்லையில் ஒற்றை விசில்

எல்லைகளைப் பற்றி இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். முதுகலை ஆய்வேடு. அதுவரை எந்த நாட்டின் எல்லையையும் நான் தாண்டியதில்லை. வாய்மொழித் தேர்வில் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு நிற்கவில்லை, அல்லது வேறு ஏதோவாக மாறிவிட்டது. பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினேன். வியட்நாமிலிருந்து கம்போடியாவுக்குத் தரைவழியாக, பேருந்தில்.

உடன் வந்தவர் செல்வம் அண்ணன். விழுப்புரம்–புதுச்சேரி தனியார் பேருந்தில் நடத்துனர். இரண்டு வருடம் அவர் வண்டியில்தான் பல்கலைக்கழகம் போனேன். அந்தச் சாலையைத் தெரியாதவர்களுக்கு: மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கும். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. பிறகு மறுபடி புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று எல்லை. ஒரு நாளைக்கு எட்டு நடை. இருபத்துநான்கு முறை எல்லை தாண்டுகிற மனிதர்.

திரும்பி வரும்போது மதுபாட்டில் சோதனை இருக்கும். காவலர்கள் ஏறுவார்கள், பைகள் திறக்கும், சிலர் கீழே இறங்கி நிற்பார்கள். முடிந்ததும் அண்ணன் முன்னிருந்து பின்வரை நடந்து தலை எண்ணுவார். கணக்கு சரியானால்தான் இரண்டு விசில். இரண்டு என்றால் கிளம்பு. ஒன்று என்றால் நில்.

சிங்கப்பூர் வேலைக்கென்று அவர் எடுத்த பாஸ்போர்ட் ஆறு வருடமாகச் சும்மா கிடந்தது. "ஒரு சீலாச்சும் வுழட்டும்பா" என்று கிளம்பிவிட்டார்.

விழுப்புரத்தில் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து. சென்னை கிளாம்பாக்கம் வரை மூன்று மணி நேரம். அண்ணன் திண்டிவனத்தில் ஏறினார். மனைவியையும் குழந்தையையும் அங்கே மாமியார் வீட்டில் விட்டிருந்தார். முதுகில் புதுப் பை. கழுத்தில் விசில்.

"இன்னாண்ணா இது, அங்க போயி யாருக்கு ஊதப் போறீங்க?"

"இது இல்லாம வண்டியில உக்கார வராதுபா. நீ கண்ணாடிய கழட்டி வச்சிட்டு வருவியா?"

அங்கே எல்லாவற்றையும் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்றேன். சரி என்றார்.

சென்னையிலிருந்து விமானத்தில், கோலாலம்பூர் வழியாக ஹோ சி மின் நகரம். அங்கே இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நோம் பென் பேருந்து. சுமார் இருநூற்று முப்பது கிலோமீட்டர், பதினெட்டு டாலர். இருபத்தொன்பது பயணிகள். நான் எண்ணவில்லை. அண்ணன் ஏறியவுடன் எண்ணினார்.

பேருந்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் நடத்துனர். நாற்பது வயதிருக்கலாம். எல்லை நெருங்கியதும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார். இந்தத் தடத்தில் இதுதான் வழக்கம், பயப்பட வேண்டாம். அண்ணனுக்குத் தர மனமில்லை. இரண்டு முறை நீட்டி இரண்டு முறை இழுத்துக்கொண்டார்.

பத்து இருபதுக்கு மொக் பாய். வியட்நாம் பக்கம் நாற்பது நிமிடம். வெளியேறும் முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார், மை ஒட்டுகிறதா என்று. நீலச் சட்டைப் பெண் மறுபடி எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பேருந்து சில நூறு மீட்டர் நகர்ந்து கம்போடியப் பக்கம் நின்றது. இடத்தின் பெயர் பவெட்.

இங்கேதான் என் தவறு. இ-விசாவைத் தாளில் கேட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். அவர் தடுமாறக் கூடாதே என்று. என்னுடையது கைப்பேசியில் இருந்தது. எனக்கென்ன, சமாளித்துக்கொள்வேன். அதிகாரி கைப்பேசியைப் பார்க்கவே இல்லை. என் பாஸ்போர்ட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே ஓர் அச்சு இயந்திரம். எனக்கு முன் நான்கு பேர்.

வியட்நாம் என்னை வெளியே அனுப்பிவிட்டது. ஒருமுறை நுழையும் விசா, முடிந்தது. கம்போடியா இன்னும் உள்ளே விடவில்லை. பை பேருந்தில். கைப்பேசியில் சிக்னல் இல்லை. இரண்டு நாடுகளுக்கு இடையிலான இந்த இடத்தைப் பற்றித்தான் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். அழகான இடம் என்று. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னல் வழியே பேருந்து தெரிந்தது. நீலச் சட்டைப் பெண் கடைசிப் பாஸ்போர்ட்டையும் கொடுத்து முடித்தார். ஏறினார். கதவு மூடியது. பேருந்து நகர்ந்தது.

எழுந்தேன். காவலர் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

அப்போது கேட்டது. நீளமாக, ஒரே ஒரு விசில். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கேட்கிற அதே சத்தம். பேருந்து நின்றது.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். ஆள் குறைகிறது என்று அவர் தமிழில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வெறும் கைகளை விரித்துக் காட்டியிருக்கிறார்: கட்டு காலி, எல்லோரும் வந்தாயிற்று.

"அவங்க பாஸ்போர்ட்ட எண்ணுறாங்கபா. நான் தலைய எண்ணுறேன். வண்டி கெளம்பிக்கினு கீது, இன்னா பண்றது? ஊதிட்டேன்."

பிறகு அந்தப் பெண்ணை உடன் நடக்கவைத்து, ஒவ்வொரு இருக்கையையும் தொட்டுத் தமிழில் எண்ணியிருக்கிறார். இருபத்தெட்டு. இருபத்தொன்பதாவது இருக்கையில் என் பை. அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

எல்லையில் விசில் ஊதும் உரிமை காவலர்களுக்கு மட்டும்தான் போல. ஒருவர் பேருந்தில் ஏறி வந்து கையை நீட்டினார். அண்ணன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு முத்திரையோடு ஓடிவந்தேன். பயணி ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னாபா, நான் பேசிக்கறேன்னியே?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய் உள்ளங்கையால் கதவை இரண்டு முறை தட்டினார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

சாப்பாட்டுக்கு நிறுத்தி மறுபடி ஏறியபோது நீலச் சட்டைப் பெண் முன்னிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். கையில் கட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டு, கம்போடியாவின் கெமர் மொழியில். அண்ணன் வாய்க்குள் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் இருவரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். அண்ணன் தலையாட்டினார். அந்தப் பெண்ணும்.

ஐந்தேகாலுக்கு நோம் பென்.

போக நினைப்பவர்களுக்குச் சில. வியட்நாம் இ-விசாவுக்கு நான் கட்டியது இருபத்தைந்து டாலர், கம்போடியாவுக்கு முப்பது. கட்டணம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் நுழையும் இடமாகச் சாலை எல்லையைக் குறிப்பிட மறக்காதீர்கள். எல்லாவற்றையும் தாளில், இரண்டு பிரதி. உங்களுக்கும் சேர்த்து. முக்கியமான பையை இருக்கையில் விட்டு இறங்காதீர்கள் என்று சொல்வதுதான் வழக்கம். என் பை அங்கே இருந்ததால்தான் காலி இருக்கை கண்ணுக்குத் தெரிந்தது. எனவே அதில் நான் கருத்துச் சொல்லவில்லை.

போன வாரம் கண்டமங்கலம் போகும்போது அண்ணன் வண்டி. புது விசில், சத்தம் கொஞ்சம் கீச்சென்றிருந்தது. அடுத்து லாவோஸ் போக எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து ஒரு வணக்கம் வையுங்கள். மொழி தேவையில்லை. எல்லையில் உங்களை எண்ணிவைத்திருக்க ஒருவராவது வேண்டும். நீங்களும் ஒருவரை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள்.