காகத்துக்கு வைத்த சோறு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், லிவர்மோர் என்ற ஊரில், புல்மேட்டை ஒட்டிய வீடு ஒன்றில் குடியிருந்தோம். சமையல் முடிந்ததும் காகத்துக்கு ஒரு பிடி நெய்ச்சோறு வைப்பது என் வழக்கம். கொல்லையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவேன். சற்று நேரத்தில் கல் காலியாகிவிடும். காகம் தின்றுவிட்டது என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை சோறு வைக்கப் போனபோது எங்கள் குட்டி நாய் ஜிம்மியும் பின்னால் வந்தது. வேலியோரம் சாம்பல் நிறத்தில் ஒல்லியாக ஒரு நாய் நின்றது. அக்கம்பக்கத்து நாய் என்று நினைத்து, "போ, போ" என்றேன். அது ஜிம்மியையே பார்த்தபடி நெருங்கியது.

ஜன்னலிலிருந்து என் கணவர் கத்தினார். "அது நாய் இல்ல, கயோட்டி! ஓடாதே, ஓடினா துரத்தும். ஜிம்மியத் தூக்கிக்கிட்டு சத்தம் போடு!"

கயோட்டி, ஓநாய்க்குச் சின்னத் தம்பி போன்ற காட்டு விலங்கு. ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் கத்தினேன். சோறு கொண்டுவந்த தட்டைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். சற்று யோசித்த கயோட்டி, வேலியைத் தாண்டி மேட்டில் ஏறிப் போய்விட்டது.

"டெய்லி சாப்பாடு போட்டா வராம என்ன பண்ணும்?" என்றார் கணவர்.

அதற்குப் பிறகும் சோறு வைத்தேன். காகம் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, மீதியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவேன். ஜிம்மியைத் தனியாக வெளியே விடவே இல்லை.