எங்கள் வீட்டுக்கு வந்த டிரான்ஸ்பார்மர்

நெய்வேலியில் பிறந்த பிள்ளைக்கு டிரான்ஸ்பார்மர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பிவேலிக்குள்ளே, வீட்டு உயரத்துக்கு உறுமிக்கொண்டு நிற்கும் பூதம் அது. அப்படியொன்று எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே வரப்போகிறது என்றால் நாலாவது படிக்கிற பெண்ணுக்குத் தலைகால் புரியுமா?

எல்லாம் அப்பாவின் ரெக்கார்டு பிளேயரால் வந்தது. ஊரே செல்போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில், அவருக்குத் தன் கல்யாணத்தன்று மைக் செட்டில் போட்ட நாயன ரெக்கார்டை மறுபடி கேட்டே ஆகவேண்டும். பரண்மேல் பல வருஷம் கிடந்த ரெக்கார்டு. சென்னையில் சொல்லிவைத்து, இருப்பதிலேயே ஒசத்தியான ஊசியாக வாங்கிப் பொருத்தினார். போட்டால், நாயனம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அப்பா வால்யூமை முழுக்கத் திருகினார். இரைச்சல்தான் கூடியது.

“கொசு கத்தறாப்ல இருக்கு” என்றாள் அம்மா. அப்பாவிடம் எதையும் அவள் கத்தித்தான் சொல்வாள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே வேலை பார்த்தவர் அப்பா. அங்கே கத்தினால்தான் பேச்சு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மந்தாரக்குப்பத்தில் மைக் செட் கடை வைத்திருந்த என் தாய்மாமா வந்து பார்த்தார்.

“ஊசி நல்ல ஊசிதான் மாமா. ஆனா அது குடுக்கற கரண்டு ரொம்பக் கம்மி, ஒங்க ஆம்ப்ளிபயருக்குப் பத்தாது. நீங்க வால்யூமத் திருகிக்கினே இருந்தா இரைச்சலும் கூடவேதான் ஏறும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போடணும். ஞாயித்துக்கெழம எடுத்தாறேன்.”

போதாதா எனக்கு? பிளாக் முழுக்கத் தமுக்கடித்துவிட்டேன். லாரியில் வரும், சுற்றி வேலி போடுவார்கள், மண்டையோட்டுப் பலகைகூட மாட்டுவார்கள் என்று என் பங்குக்குச் சேர்த்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா, கரண்டு நிறுத்துவார்களோ என்று பயந்து காலையிலேயே மாவை அரைத்துவைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் திருவிழாக் கூட்டம்.

மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். துணிப்பையில் கைவிட்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டியை எடுத்தார்.

“இதாடி ஒங்க டிரான்ஸ்பார்மரு?” என்றார் எதிர்வீட்டு அக்கா. என் மானம் கப்பலேறிவிட்டது.

ஆனால் அதெல்லாம் கொஞ்ச நேரம்தான். பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் அந்த டப்பாவை இணைத்து, மாமா ஊசியை இறக்கினார். அடேயப்பா! நாயனம் கூடத்துக்குள் பாய்ந்து வந்தது. தவில் விழுந்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு முன்னால் நான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அத்தனை சந்தோஷத்தை எங்கள் வீட்டில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போய் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று மைன்ஸ்காரர்கள் கைவைத்துப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாடுது” என்றார், சிரித்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, “மாப்ள, இன்னும் கொஞ்சம் தூக்க முடியுமா?” என்று கேட்டார்.

மாமா, நன்றாக இருந்த ஒயரைக் குனிந்து சரிசெய்ய ஆரம்பித்தார். அம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தவிலின் தாளத்தைத் தட்டினாள்.

“இதுக்கு மேல தூக்கினா கண்ணாடி ஒடஞ்சிரும்ப்பா” என்று நான் கத்தினேன்.

இவ்வளவு சத்தமும் பத்தாத ஆள் எங்கள் பிளாக்கிலேயே எங்கப்பா ஒருவர்தான் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.