பசு மட்டும் போதும்

இப்போது கணினியில் ஒரு படத்தின் பின்னணியை நீக்க, டீ ஆறும் நேரம்கூட எனக்கு ஆவதில்லை. விளம்பரத்துக்குக் கேரட் கட்டு, அழைப்பிதழுக்கு மாப்பிள்ளை, எதுவானாலும் ஓரத்தில் பிசிறில்லாமல் பிரித்துத் தருவேன். அந்தக் கண் எனக்குக் குன்னூரில், பிளேடால் வெட்டிய காலத்திலேயே வந்துவிட்டது.

சிலோனிலிருந்து தோட்டத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிய வருடங்கள் அவை. ஒரு ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் வேலையில் இருந்தேன். அப்படி வந்து இங்கே எஸ்டேட்டில் சேர்ந்திருந்த கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கொண்டுவந்த படத்தில், கோட்டுப் போட்ட ஒருவர் பசுவின் கழுத்தில் கைபோட்டு, மறுகையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"ஏனுங்க, இவரை மட்டும் தனியா எடுக்கோணுங்களா?" என்றேன்.

"அவரு வேணாம் புள்ள. மாடு மட்டும் போதும்," என்றார் அந்த அம்மா.

பசு அவர்களுடையது. அங்கே குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கட்டி, கன்றிலிருந்து வளர்த்தது. கப்பலேறும்முன் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். படத்தில் நிற்பவர் அங்கே அவர்கள் வேலைபார்த்த தோட்டத்துக் கங்காணி. பொங்கலன்று அவர் மகன் கேமராவை எடுத்ததும், தானே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாராம்.

"ஒரு நாளும் அதுக்கு ஒரு பிடி புல்லுப் போட்டதில்ல அந்த மனுசன்," என்றார் அந்த அம்மா.

கையை வெட்டினால் கழுத்தில் ஓட்டை விழுமே என்று ஸ்டூடியோ முதலாளி தயங்கினார். வரைந்து நிரப்பிவிடலாம் என்றேன். கைக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, வெற்றிலை அகலத்தில் ஒரு வெள்ளைத் திட்டு என்று அந்த அம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இன்னும் கீழே என்றார் கணவர். கொஞ்சம் வாதாடிவிட்டு அவரே விட்டுக்கொடுத்தார். கயிறாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் யாரோ அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி தெரியும் என்றார்.

"நம்ம மாடுன்னு நமக்குத் தெரியாதா?" என்று அதையும் மனைவி முடித்துவைத்தார்.

அவர்கள் படத்தில் பிளேடு படவில்லை. அதைப் பெரிதாக ஒரு பிரதி எடுத்து, பசுவின் ஓரத்தோடு வெட்டினேன். கொம்பும் காதும் சுலபம். வால் மயிரை வெட்ட முடியாது. அதைப் பிறகு தூரிகையால் வரைந்து இழுத்துவிட்டேன். வெட்டிய விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, சாம்பல் நிற அட்டையில் ஒட்டினேன். கழுத்தை நிரப்பி, அந்தத் திட்டையும் வைத்து, மறுபடி படமெடுத்தோம். சரியாக வந்திருப்பது கழுவும்போதே எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் வந்து, அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கினார். கணவர் எட்டிப் பார்த்தார். அவர் கண் முதலில் கழுத்துக்குத்தான் போனது.

"இவ சொன்ன எடந்தான்," என்றார்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்று வேண்டும் என்றார். சேரங்கோட்டுத் தோட்டத்தில், அவர்களைப் போலவே கப்பலேறி வந்த அவருடைய தம்பி குடும்பம் இருக்கிறதாம்.

"அவன் புள்ளைங்களும் இது பாலைக் குடிச்சு வளந்ததுங்கதான்."